பங்கு யாருக்கு, உத்தரவு யாருடையது?

“தொழிலாளியும் கம்பெனியின் சொந்தக்காரன்தான்” என்று பேசுவது முதலாளிகளுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஆலையில் இதை மானேஜர் சொல்கிறார். ஏலமலையில் கங்காணி சொல்கிறார். ராசிங்காபுரத்தில் விடியுமுன் சோற்றுப் பாத்திரத்தோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்குக் காயெடுக்கப் போகும் பெண்ணிடமும், “தோட்டம் நல்லா இருந்தாத்தானே நாம நல்லா இருக்க முடியும்” என்றுதான் சொல்லப்படுகிறது.

நல்லது. அந்த “நாம” என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. அன்று கூலியை உயர்த்தலாமா என்று “நம்மை” யாராவது கேட்டார்களா? பிறகு விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தபோது மட்டும் நஷ்டக் கணக்கு நம்மிடம் விவரமாகச் சொல்லப்பட்டது!

யாருடைய பணம் போட்டிருக்கிறது என்பது ஒரு கேள்வி. யார் தீர்மானிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதைப் பழைய மில் தொழிலாளர்கள் நன்றாக அறிவார்கள். மதுரை மில்லின் பங்குகள் பலர் கையில் இருந்தன. ஆனால் அதை நடத்தியது மானேஜிங் ஏஜெண்டான ஹார்வி கம்பெனி. பங்குதாரர்கள் வருஷத்துக்கொரு முறை கூடிக் கையைத் தூக்குவார்கள். பஞ்சு வாங்குவதும், ஆளை எடுப்பதும், ஆளை நிறுத்துவதும் ஏஜெண்டின் பாடு. இந்த ஏஜென்ஸி முறை 1970 ஏப்ரலில்தான் சட்டப்படி ஒழிந்தது. பெயர் ஒழிந்தது, பழக்கம் ஒழிந்ததா?

போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி அதே ரஸ்தாவில் மேலே போனால் மூணாறு. அங்கே நடந்ததை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். தேயிலையில் போதிய லாபமில்லை என்று டாட்டா டீ கம்பெனி 2005இல் அந்தத் தோட்டங்களை நடத்தும் பொறுப்பைக் கைவிட்டது. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய கம்பெனி பிறந்தது. அதன் பெரும்பகுதிப் பங்குகள் ஊழியர்களின் பெயரில் எழுதப்பட்டன. 12,000 பேருக்கு மேல் பங்குதாரர்கள் ஆனார்கள். டாட்டா கையிலும் ஒரு பகுதி நின்றது. ‘கண்ணன் தேவன்’ என்ற மார்க்கும் டாட்டாவிடமே நின்றது. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் கம்பெனிச் சொந்தக்காரிகள் ஆகிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

பத்து வருஷம் கழிந்தது. 2015இல் அந்தச் சொந்தக்காரிகளின் தினக்கூலி 232 ரூபாய். அவர்கள் வசித்ததோ வெள்ளைக்காரன் காலத்து லயங்கள். அந்த வருஷம் 10 சதவீத போனஸ்தான் என்று நிர்வாகம் அறிவித்தது. செப்டம்பர் மாதம் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்தி மூணாறு ரஸ்தாவில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் வேண்டும், 500 ரூபாய் கூலி வேண்டும் என்றார்கள். தம் அமைப்புக்குப் பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்தார்கள். சொந்தக்காரன் தன் கடை வாசலில் தானே மறியல் செய்வதை உலகத்தில் யாராவது கண்டதுண்டா? மூணாறில் கண்டோம். பங்குப் பத்திரம் அவர்கள் பெட்டியில் இருந்தது. போனஸைத் தீர்மானித்த மேஜை வேறு எங்கோ இருந்தது.

பெண்கள் வென்றார்கள். 8.33 சதவீத போனஸும், 11.67 சதவீத கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. (உரிமையைக் கொடுக்கும்போதும் கருணை என்று பெயர் சூட்டாவிட்டால் நிர்வாகத்துக்குத் தூக்கம் வராது!) அடுத்த மாதம் தேயிலைத் தொழிலாளிக்கு 301 ரூபாயும் ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு 330 ரூபாயும் கூலி என்று நிர்ணயமாயிற்று.

ஆனால் நம்மைப் பற்றிய ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே வரவிடவில்லை. காங்கிரஸ் சங்கத்தை மட்டுமல்ல, செங்கொடிச் சங்கங்களையும்தான். நிர்வாகத்தோடு மேஜையில் உட்கார்ந்து எழுந்துவரும் தலைவர், லயத்துக்கு வந்து என்ன பேசினோம் என்று சொல்வதில்லை என்பதே அவர்களுடைய கோபம். கடைசி நாளில் தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் போய்த் தீர்வு வரும்வரை அவர்களோடு உட்கார்ந்திருந்தார். அவரை ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இது கசப்பான மருந்து. கங்காணியைப் போல நடக்கும் சங்கத்தைத் தொழிலாளி கங்காணியாகவே பார்ப்பாள். அதில் அவள்மேல் குற்றமில்லை.

சட்டத்தை நம்பியிருக்கலாமே என்பார்கள். 1976இல் அரசியல் சட்டத்திலேயே, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு வேண்டும் என்று 43-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 1990இல் அதற்கு ஒரு மசோதாவும் ராஜ்ய சபையில் வந்தது. அது சட்டமாகவே இல்லை. ஜெர்மனியில் 1976 சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியின் மேற்பார்வைச் சபையில் பாதி இடம் தொழிலாளர் பக்கத்துக்கு உண்டு. ஆயினும் வாக்குகள் சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கு. அந்தத் தலைவர் பங்குதாரர் பக்கத்து ஆளாகவே இருப்பார். அங்கும் கடைசிப் பிடி யாரிடம் என்று பாருங்கள்.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? கண்ணூரைப் பார்ப்போம். பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரள சர்க்கார் அமல் நடத்தியதும், மங்களூர் முதலாளிகள் 1968இல் கடையை மூடிவிட்டுப் போனார்கள். ஏறக்குறைய 12,000 பேர் தெருவில் நின்றார்கள். 1969இல் அவர்கள் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பங்கு வைத்திருப்பவனுக்கு ஆயிரம் வாக்கு. கூட்டுறவிலோ ஆளுக்கு ஒரு வாக்கு. இலை வெட்டுகிறவளுக்கும் அதே ஒன்று, கணக்கு எழுதுகிறவனுக்கும் அதே ஒன்று. பீடிப் பழக்கம் குறையக் குறைய அந்த வியாபாரமும் சுருங்கிற்று; குடை, துணி, தின்பண்டம் என்று வேறு தொழில்களுக்குத் திரும்ப நேர்ந்தது. அந்தச் சிரமத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சிரமத்தையும் அவர்களே உட்கார்ந்து பேசினார்கள். மூடிவிட்டோம் என்ற நோட்டீஸ் கதவில் ஒட்டப்படவில்லை.

ஏலமலையில் நாளைக்கே கூட்டுறவுத் தோட்டம் வந்துவிடும் என்று நாம் கனவு காணவில்லை. ஆனால் இன்றைக்கே கேட்கக்கூடியவை உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ காயெடுக்க வேண்டும் என்பதைக் கங்காணி தனியாக நிர்ணயிக்கக் கூடாது. எடை போடும்போது தொழிலாளர் பக்கத்து ஆள் ஒருவர் தராசருகே நிற்க வேண்டும். போனஸ் பேச்சுக்கு வரவுசெலவுக் கணக்கைத் தமிழில் எழுதி முன்கூட்டியே தர வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் போகும் கமிட்டியில் காயெடுக்கும் பெண்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். பேசி முடித்ததை அன்று மாலையே ஊரில் வந்து சொல்ல வேண்டும். முதல் தீர்மானமாக ராசிங்காபுரம் தொழிலாளர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: காலையில் ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவது என்பதை, அதில் ஏறுகிறவர்களே முடிவு செய்யட்டும்.