திரும்பி வந்த ஆய்வேடு



சின்னாட்களுக்கு முன் தந்தை ஒருவர் நம்மைக் காண வந்தார். செயற்கைக்கோள் வழிச் செய்தித் தொடர்பில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்யும் அவருடைய மகனின் ஆய்வேடு, திருத்தி எழுதுமாறு திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. “சுவாமி, நான்கு ஆண்டு உழைப்பு வீணாகிவிட்டதே! மகன் எவரிடமும் பேசுவதில்லை” என்று கலங்கினார். அவருக்கு நாம் சொன்ன வரலாறு இது.

1972ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகம், ராபர்ட் மெட்கால்ஃப் என்னும் இளைஞரின் ஆய்வேட்டை ஏற்க மறுத்தது. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பைப் பற்றிய அந்நூலில் கோட்பாட்டு ஆழம் போதாதென்பது தேர்வாளர் கருத்து. அவ்வேளையில், ஹவாய்த் தீவுகளில் பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சன் 1971இல் இயக்கத் தொடங்கிய ‘அலோகா’ வலையமைப்பைப் பற்றிய கட்டுரையொன்று அவர் கைக்குக் கிட்டியது.

அலோகாவின் முறை எளியது. தீவுகளிலுள்ள நிலையங்கள் யாவும் ஒரே வானொலி அலைவரிசையில் மையக் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பும். இரு நிலையங்கள் ஒரே நொடியில் அனுப்பினால் இரண்டும் மோதிச் சிதையும். ‘கிடைத்தது’ என்னும் மறுமொழி மையத்திலிருந்து வராவிடில், அனுப்பிய நிலையம் சற்றே காத்திருந்து மறுபடியும் அனுப்பும். இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மீண்டும் மோதல் நேரும். ஆதலின் காத்திருக்கும் நேரம் சீட்டுக் குலுக்கி எடுத்தாற்போல் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். எனினும், இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காட்டிற்கு மேல் பயன்படாது என்று கணக்குக் காட்டியது. நெரிசல் மிகுந்தால் வலையமைப்பே திணறிவிடும்.

மெட்கால்ஃப் இக்குறையை ஆராய்ந்தார். நெரிசலுக்கேற்பக் காத்திருப்பையும் கூட்டிக்கொண்டால் வலையமைப்பு நிலைகுலையாது என்று கண்டார். இவ்வாய்வைச் சேர்த்துத் திருத்திய நூலுக்கு 1973இல் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் ‘ஈத்தர்நெட்’ என்னும் இணைப்பு முறையை வகுத்தார்; அதற்காக 2022ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

செயற்கைக்கோள் தொடர்பிலும் அலோகா முறை பயன்படுகிறது. புவிநிலைக் கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அனுப்பிய செய்திக்கு மறுமொழி வர அரை நொடியாகும். பிறர் பேசுகின்றனரா என்று முன்கூட்டி அறிய வழியில்லை. ஆகவே சிறு நிலையங்கள் பல, மையத்திடம் தமக்கு இடம் கேட்கும் முதல் அழைப்பை இம்முறையிலேயே அனுப்புகின்றன.

நம்பத்தக்க வலையமைப்பு என்பது எதுவும் தவறாத அமைப்பன்று. தவறியதை அறிந்து, பொறுத்திருந்து, மீண்டும் அனுப்பும் அமைப்பே அது. மெட்கால்ஃபின் ஆய்வேடும் அவ்வழியேதான் கரை சேர்ந்தது.

தந்தை எழுந்தபோது நாம் ஒன்று கூறினோம்: “மகன் பேசும் நாள்வரை பொறுத்திருங்கள். அவர் பேசும்போது அறிவுரையை அவசரமாய்த் தொடங்க வேண்டாம். இருவர் சொல்லும் மோதிச் சிதையும். ‘கேட்டேன், மகனே’ என்னும் மறுமொழி முதலில் அவரைச் சேரட்டும்.”