வாயை மூடச் சொல்லும் முன் மூக்கைப் பாருங்கள்

சாயங்காலம் நாலு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போனால் பள்ளிக்கூட ஆட்டோக்கள் பிதுங்கி வழியும். உள்ளே இருக்கும் வாண்டுகளில் ஒன்றிரண்டாவது வாயை 'ஆ'வென்று திறந்து வைத்திருக்கும். "வாயை மூடுடா, ஈ நுழைஞ்சுடப் போறது" என்று பாட்டி அதட்டுவார். பையன் மூடுவான். அரை நிமிஷம்தான், மறுபடி திறந்துகொள்ளும்.

அவன் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை இல்லை. மூக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்!

மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பக்கத்தில் அடினாய்டு என்றொரு சதை உண்டு. 1868-லேயே டென்மார்க் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் இதைப் பற்றி எழுதிவிட்டார். சின்ன வயதில் பெரிதாகி, பிறகு தானாகவே சுருங்கும். இது போதாதென்று சென்னையின் ஈரக்காற்றில் மெத்தை, தலையணைகளில் பெருகும் தூசிப்பூச்சி அலர்ஜி வேறு. தி.நகர் தெருப்புழுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"அடினாய்டு தானே சுருங்கிவிடும், விட்டுவிடலாம்" என்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. அது சுருங்குவதற்குள் முகம் பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடும்.

இதைப் படிக்கும்போது உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். வாய் மூடியிருந்தால் மேல் அண்ணத்தில் ஒட்டியிருக்கும். வளரும் பிள்ளைக்கு அதுதான் மேல்தாடையை உள்ளிருந்து தாங்கும் முட்டு. வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு நாக்கு கீழே இறங்கிவிடும். முட்டு போனபின் கன்னத் தசைகள் வெளியிலிருந்து அழுத்த, தாடை குறுகுகிறது, அண்ணம் கூம்பாக மேலே போகிறது, பல்லுக்கு இடம் பற்றவில்லை. அமெரிக்காவில் ஹார்வோல்ட் என்பவர் 1970-களில் ரீசஸ் குரங்குகளின் மூக்கை அடைத்துப் பார்த்தார் (பாவம் அவை). குரங்குக்குக் குரங்கு விளைவு வேறுபட்டாலும் பல்வரிசையும் தாடையும் மாறத்தான் செய்தன.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் நாக்கு அண்ணத்தை அழுத்தும் விசையும் குறைவு என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. மெல்லவும் வேண்டும், மூச்சும் விட வேண்டும் என்றால் சாப்பாடு ஒரு மணி நேரம் இழுக்கும். பேச்சும் குழறலாம். எழுத்துகள் பிறக்கும் எட்டு இடங்களில் நாக்கையும் அண்ணத்தையும் மட்டுமல்ல, மூக்கையும் சேர்த்துத்தான் எண்ணினார் தொல்காப்பியர். (டிவி தொகுப்பாளர்களின் ழகரத்துக்கு அடினாய்டு பொறுப்பல்ல!)

வீட்டில் நடப்பது என்ன? "குறட்டை விட்டு நன்னா அசந்து தூங்கறான்" என்று பெருமை. பதிமூன்று வயதில் பல் கோணல் என்று கிளிப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவு. கோணலுக்குப் பரம்பரையும் காரணமாகலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் மூக்கையும் நாக்கையும் கவனிக்காமல் கிளிப்பு மட்டும் போடுவது, அசலைத் தொடாமல் வட்டி கட்டுவது மாதிரி. கழற்றியபின் பல் பழைய இடத்துக்கே நகரலாம்.

அரசும் கவனிக்கலாம். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வகைக் குறைபாடுகளைத் தேடிப் பார்க்கிறார்கள். சொத்தைப்பல், காதுக் கோளாறு எல்லாம் அதில் உண்டு. வாய்ச்சுவாசம் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்த்தால் பெரிய செலவொன்றும் ஆகாது.

இன்ஸ்டாகிராம் பார்த்துப் பிள்ளையின் வாயில் டேப் ஒட்டுகிற புது வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். மூக்கும் அடைத்து வாயும் அடைத்தால் பிள்ளை எதால் மூச்சு விடும்?

ஒரு எவர்சில்வர் கரண்டி போதும். வாயை மூடச் சொல்லி மூக்குக்குக் கீழே பிடித்தால் இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். அப்புறம் ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் ஒரு நிமிஷம் வைத்திருக்கச் சொல்லுங்கள். முடியாமல் தவித்தால் உடனே துப்பச் சொல்லிவிட்டு, பல் டாக்டருக்கு முன்னால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.