பழப்பெட்டிக்காக அழுகிறவர்களுக்கு

டிசம்பர் பிறந்தால் போதும், அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஓர் ஏக்கம் வந்துவிடுகிறது. போன வாரம் ஒருவன் எழுதியிருந்தான். தொண்ணூறுகளில் அவன் போய் இறங்கிய புதிதில், கிறிஸ்துமஸுக்கு மேனேஜர் வீட்டுக்கே பழப்பெட்டி அனுப்புவாராம். தங்கத்தாள் சுற்றிய பேரிக்காய் ஒரு வருடம், ஃபுளோரிடா ஆரஞ்சு ஒரு வருடம். இப்போது ஈமெயிலில் கிஃப்ட் கார்டு வருகிறதாம். "மனசு போய்விட்டது சார், எல்லாம் வியாபாரமாகிவிட்டது" என்று முடித்திருந்தான். கீழே இருநூறுக்கு மேல் லைக். அதில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

தம்பி, உன் பெயரைப் போடவில்லை, கவலைப்படாதே. ஆனால் முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

முதலில் அந்த "மனசு". நீ சொல்லும் தங்கத்தாள் பேரிக்காய் ஓரிகான் மாநிலத்தின் மெட்ஃபோர்டு ஊரிலிருந்து வருவது, ஹாரி அண்ட் டேவிட் கம்பெனியுடையது. சியாட்டிலில் ஹோட்டல் வைத்திருந்த சாமுவேல் ரோசன்பெர்க் 1910இல் அங்கே 240 ஏக்கர் பேரித் தோட்டம் வாங்கினார். 1914இல் அது மகன்கள் ஹாரி, டேவிட் கைக்கு வந்தது. இருவரும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர்கள். அவர்களுடைய காமிஸ் ரகப் பேரிக்காய் யாருக்குப் போனது தெரியுமா? ஐரோப்பாவின் பெரிய ஹோட்டல்களுக்கு. 1929க்குப் பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் அந்தச் சந்தை படுத்துவிட்டது. பழம் தேங்கியது. 1934இல், தபாலில் அனுப்பிப் பார்க்கலாம் என்று துணிந்தார்கள். நியூயார்க் தொழிலதிபர்களுக்கு மாதிரிப் பெட்டிகள் போயின. வாடிக்கையாளர்களுக்குப் பரிசாக அனுப்ப இது நல்ல பொருள் என்று அவர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். 1936இல் ஃபார்ச்சூன் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. இவ்வளவு பெரிய பத்திரிகையில் நம் பேரிக்காயா என்று இரண்டு பட்டிக்காட்டு அண்ணன் தம்பிகள் வியந்து பேசுவதுபோல் எழுதிய விளம்பரம். எழுதியவர் ஜி. லின் சம்னர், கைதேர்ந்த நியூயார்க் விளம்பரக்காரர்.

ஆக, எந்தக் கிராமத்து வெகுளித்தனத்துக்காக நீ ஏங்குகிறாயோ, அதுவே கூலி கொடுத்து எழுதி வாங்கியது. நான் குறை சொல்லவில்லை. மூழ்கும் தோட்டத்தைக் காப்பாற்றிய கெட்டிக்காரத்தனம் அது. "அன்று மனசு, இன்று வியாபாரம்" என்ற கணக்குத்தான் தப்பு. உன் மேனேஜர் அனுப்பியதும் ஆபீஸ் செலவில்தான்.

இன்னொன்று, இந்தப் பெட்டியைச் சாத்தியமாக்கியது அரசாங்கம். 1912 வரை அமெரிக்கத் தபாலில் 4 பவுண்டுக்கு மேல் பார்சல் போடமுடியாது. பெரிய பார்சல் என்றால் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகளிடம்தான் போகவேண்டும். 1913 ஜனவரி 1ஆம் தேதி தபால் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது. முதலில் 11 பவுண்டு வரை எடுத்தார்கள், சீக்கிரமே அதையும் உயர்த்தினார்கள். கிராமத்து விவசாயி நகரத்து வீட்டு வாசலுக்கு நேரே சரக்கு அனுப்பும் வழி அப்போதுதான் திறந்தது. தபால் துறை எதற்கு, தனியாரிடம் விட்டுவிடலாமே என்று வாட்ஸப் குழுவில் எழுதுகிற அதே ஆள்தானே நீ?

சரி, பெட்டியில் ஏங்கத் தகுந்தது எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதை நீ சொல்லவே இல்லை.

நம் ஊரில் அது பேரிக்காய். கனிந்தாலும் காய்தான். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் வாங்கினால் நறுக்கு நறுக்கென்று கடிக்கிறோம். காமிஸ் அப்படிப் பழம் இல்லை. மரத்திலேயே கனியவிட்டால் உள்ளே மாவாகிவிடும். அதனால் முற்றியதும் கல்லாக இருக்கும்போதே பறித்து, குளிரில் வைத்து, பிறகு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் மேசைமேல் வைத்துக் காத்திருக்கவேண்டும். காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் இளகவேண்டும். அன்றைக்குச் சாப்பிட்டால் சாறு முழங்கை வரை ஒழுகும். இரண்டு நாள் முந்தினால் உருளைக்கிழங்கு, இரண்டு நாள் பிந்தினால் கூழ். மகன் வீட்டில், ஒஹாயோவில், என் பேத்தி தினமும் காலையில் போய்க் காம்பை அழுத்திப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு பாடவேளை முழுக்கப் பேசினாலும் "பருவம்" என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகப் புரியவைக்க முடியாது. பன்னிரண்டு மாதமும் எல்லாப் பழமும் கிடைக்கும் கடையில் அந்தப் பாடம் இல்லை. இதற்காக ஏங்கினால் நானும் சேர்ந்து ஏங்குகிறேன். ஆனால் இந்தப் பழம் இன்னும் விற்பனையில் இருக்கிறது. கம்பெனி 2011இல் திவாலுக்கு மனுப் போட்டு மீண்டது, 2014இல் 1-800-ஃபிளவர்ஸ் நிறுவனம் வாங்கியது, பெட்டியில் இப்போது சாக்லேட்டும் பாப்கார்னும் ஏறிவிட்டன. பேரிக்காயும் போகிறது. வேண்டுமென்றால் ஆர்டர் போடு. புலம்பல் எதற்கு?

உண்மையில் செத்துக்கொண்டிருப்பது உன் இரண்டாவது பெட்டி. ஃபுளோரிடா ஆரஞ்சு.

கணக்கைப் பார். 1997-98 பருவத்தில் ஃபுளோரிடாவில் 24 கோடியே 40 லட்சம் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. ஒரு பெட்டி 90 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 கிலோ. 2023-24 பருவத்தில் விளைந்தது சுமார் 1 கோடியே 80 லட்சம் பெட்டி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2005இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட பசுமையாதல் நோய்தான் முக்கியக் காரணம். சீனர்கள் வைத்த ஹுவாங்லாங்பிங் என்ற பெயரும் அதற்கு உண்டு. மூன்று நாலு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சாறுண்ணிப் பூச்சி, ஆசியாவைச் சேர்ந்தது, மரத்துக்கு மரம் கிருமியைக் கடத்துகிறது. கிருமி மரத்தின் உணவுக் குழாய்களை அடைக்கிறது. பழம் கோணலாகி, பாதி பச்சையாகவே நின்று, கசந்து, உதிர்கிறது. நோய் வந்த மரத்தைக் குணமாக்க வழி இல்லை. இர்மா, இயன் என்று புயல்கள் வேறு. 2025 ஜனவரியில் ஆலிக்கோ என்ற பெரிய தோட்ட நிறுவனமே ஆரஞ்சு சாகுபடியை விட்டு விலகுவதாக அறிவித்தது. நிலத்தில் ஒரு பகுதி இனி வீட்டு மனைதான்.

உன் பதிவிலோ, அதற்கு வந்த கமெண்டுகளிலோ இதைப் பற்றி ஒரு வரி இருந்ததா? "ஆரஞ்சில் பழைய ருசி இல்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான்" என்று மட்டும் இருந்தது.

பறித்தவனைப் பற்றியும் ஒரு வரி இல்லை. ஏணியில் ஏறி, நிறைந்தால் 40 கிலோ கனக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பறிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் பெரும்பாலோர் இன்று எச்-2ஏ விசாவில் மெக்சிகோவிலிருந்து வருகிறவர்கள். நீ போனது எச்-1பி. இரண்டும் ஒரே எச். உன் விசா கிரீன் கார்டு வரை கொண்டுபோகும். அவன் விசா பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடும். 1960 நவம்பரில், நன்றி நவிலும் பண்டிகைக்கு மறுநாள், சிபிஎஸ் தொலைக்காட்சியில் எட்வர்ட் மர்ரோ தோட்டக் கூலிகளின் வாழ்க்கையைக் காட்டினார். 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' என்று பெயர். ஃபுளோரிடாவில்தான் ஆரம்பிக்கும். வயிறு நிறைந்த மறுநாளைத் தெரிந்தே தேர்ந்தெடுத்து ஒளிபரப்பினார்கள். நீ ஏங்கும் பொற்காலத்துக்கு நடுவில் எடுத்த படம் அது. யூடியூபில் தேடிப் பார்.

கடைசியாக, உனக்குக் கோபம் வரப்போகும் விஷயம். அந்தச் சாறுண்ணிப் பூச்சிக்கு எலுமிச்சை, ஆரஞ்சோடு இன்னொரு செடியும் பிடிக்கும். நம் கறிவேப்பிலை. எலுமிச்சைக் குடும்பம்தானே அது. அதனால்தான் ஊரிலிருந்து கறிவேப்பிலை கொண்டுவரக்கூடாது என்று அமெரிக்கச் சுங்கத்தில் தடை. இந்தியாவிலிருந்து போன பொட்டலங்களில் பூச்சி பிடிபட்டும் இருக்கிறது. ஃபுளோரிடா அழிந்ததற்கு நம் ஆட்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பூச்சி அங்கே 1998இலேயே வந்துவிட்டது, நர்சரிச் செடிகள் வழியாகவும் பரவியது. ஆனால் கலிபோர்னியாவில் இன்னும் ஆரஞ்சு இருக்கிறது. அங்கே பல லட்சம் பேர் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சை வைத்திருக்கிறார்கள்.

உன் அம்மா போன தடவை வந்தபோது பெட்டிக்குள் சேலை மடிப்பில் கறிவேப்பிலைக் கொத்தை ஒளித்துக்கொண்டு வந்ததை நீயே சிரித்துச் சிரித்து எழுதியிருந்தாய். அதற்கும் இருநூறு லைக். "ஒன்றும் ஆகாது சார், கொஞ்சம் இலைதானே" என்று எனக்குப் பதிலும் போட்டாய். மூன்று மில்லிமீட்டர் பூச்சிக்குக் கொஞ்சம் இலை போதும், தம்பி.

கறிவேப்பிலை வேண்டுமென்றால் அங்கேயே உரிமம் பெற்ற நர்சரியில் கன்று கிடைக்கிறது. எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்குச் செடியைக் கொண்டுபோகக்கூடாது என்று மாநில விவசாயத் துறையின் இணையப் பக்கத்தில் வரைபடமே போட்டிருக்கிறான். வரைபடம் பார்க்க உனக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கினாய்.

ஆரஞ்சும் அப்படித்தான். இன்னும் மரத்தை வெட்டாமல், புது ரகம் வைத்துப் பார்த்துக்கொண்டு, பெட்டி போட்டு அனுப்புகிற குடும்பத் தோட்டங்கள் ஃபுளோரிடாவில் இருக்கின்றன. விலை கூடத்தான் இருக்கும். பழத்தோலில் தழும்பும் இருக்கும். மேனேஜர் அனுப்புவார் என்று காத்திருக்காதே, இப்போது நீதானே மேனேஜர். உன்னிடம் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இந்த வருடம் நீ என்ன அனுப்பினாய்? கிஃப்ட் கார்டா?

கமெண்டில் பதில் எழுது. "சூப்பர் சார்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதே.