கைநாட்டு

புதுச்சேரியில் நான் எழுத்தராக இருந்த காலத்தில் என் மேசையில் எப்போதும் ஒரு ஸ்டாம்ப் பேடு இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வந்தால் அவர்களுடைய இடது பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்து எடுப்பேன். 'கைநாட்டு' என்று சொல்லும்போது என் குரலில் ஓர் இளப்பம் இருந்தது. பிரெஞ்சில் படித்தவன் என்ற மிதப்பு. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இன்று காலை என் மடிக்கணினியைத் திறக்க நானே கைநாட்டு வைத்தேன். பேரன் செய்து கொடுத்த ஏற்பாடு.

பிரெஞ்சில் விரல்ரேகைக்கு 'ஆம்ப்ரேந்த் திஜிதால்' என்று பெயர். 'திஜிதால்' என்றால் விரலைச் சேர்ந்தது. ஆங்கிலத்து 'டிஜிட்டல்' என்ற சொல்லும் விரலைக் குறிக்கும் அதே லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். விரல் விட்டு எண்ணியதால் எண்ணுக்கும் அந்தப் பெயர் வந்தது.

இந்த விரல் பூட்டு நமக்கு வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டும் என்பதே என் கருத்து. கடவுச்சொல்லை மறந்து தவிப்பதைவிட இது நல்லது. ரேகை வெளியே போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். விண்டோஸில் அது உங்கள் கணினிக்குள்ளேயே தங்குகிறது. படமாக அல்ல, குறியீடாக. உயிர்வாழ் சான்றிதழுக்கு விரல் வைத்து அலைந்தவர்களுக்கு, வயதானால் ரேகை தேயும் என்பது தெரியும். அதனால் ஒரு விரலோடு நிறுத்தாமல் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல்களைப் பதிந்து வையுங்கள்.

ஆனால் விரலை மட்டும் நம்பாதீர்கள். என் நண்பர் ஒருவர் தன் நினைவுகளை எல்லாம் கணினியில் எழுதி வந்தார். தினமும் விரலை வைத்தே திறப்பார். ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். விரல் பூட்டு போடுவதற்கு முன் விண்டோஸ் ஒரு பின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அவரும் அதைக் கொடுத்திருப்பார். யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அழித்தால்தான் திறக்கும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அவர் மனைவி அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்தக் கணினி இன்னும் அலமாரியில் மூடியபடி இருக்கிறது.

கணினியைப் பழுதுபார்க்கவோ பிறருக்கோ கொடுக்கும்போது பூட்டை எடுத்துவிடுவதும் எளிது. 'செட்டிங்ஸ்' போய், 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்', அதில் 'ஃபிங்கர்பிரிண்ட்' என்பதைத் தொட்டால் 'ரிமூவ்' என்று இருக்கும். அழுத்தினால் ரேகை போய்விடும், பின் எண் இருக்கும். மறுபடி வேண்டுமானால் அதே இடத்தில் 'செட் அப்'.

நேற்று என் பின் எண்ணை ஒரு தாளில் எழுதி, ஓய்வூதியப் புத்தகத்துக்குள் வைத்து, மனைவியிடம் காட்டினேன்.

"இதை இப்பவே சொல்லணுமா?" என்றாள்.

இப்போதுதானே சொல்ல முடியும்?