யார் ஊட்டினது?

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்துக்கு இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் பதிவுத் தபாலில் வந்தவை; ஒப்புகை அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு ஒரு வரி வந்தது: "நோயாளிக்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது." அதனால் இந்த நான்காவதை ஊரறிய எழுதுகிறேன்.

பக்கவாத நோயாளிக்கு முதல் வாய் உணவு கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகளை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நீங்கள் மருத்துவர், மருத்துவர்களுக்குப் பாடம் எடுத்தவர். என் அப்பாவுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வயது 74. விசைத்தறிப் பட்டறையில் 40 வருடம் நின்றவர். ஒரு விடியற்காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து சொம்பு நழுவியது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாய் கோணியிருந்தது, இடது கை தொங்கிவிட்டது. 108 வண்டி ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தது. தலை ஸ்கேன், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி என்று எல்லாம் மளமளவென்று நடந்தன. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசியை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அன்று அவசரப் பிரிவில் நின்ற ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டேன். இன்றும் கும்பிடுகிறேன். அப்படிக் காப்பாற்றிக் கொடுத்தவரை அதே கட்டடத்தில் பறிகொடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் மாலை ஐ.சி.யூ.விலிருந்து பொது வார்டுக்கு மாற்றினார்கள். 14ஆம் கட்டில். இடது கையில் கொஞ்சம் அசைவு திரும்பியிருந்தது. பேச்சு குழறினாலும் என் பெயரைச் சொன்னார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கை, காலைத் தூக்கிப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "சாப்பிட என்ன தரலாம் சிஸ்டர்?" என்று கேட்டேன். "கஞ்சி குடுங்கம்மா, பால் குடுங்க, ஒண்ணும் பண்ணாது" என்றார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். வார்டு முழுவதற்கும் அன்றிரவு அவர் ஒருவர்தான். விழுங்குகிறாரா என்று பார்க்கும்படி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடி உடைந்திருந்தது. அப்பா கிட்டத்தட்ட மல்லாந்துதான் படுத்திருந்தார். ஒரு பழைய சேலையைச் சுருட்டித் தலைக்கு அண்டக் கொடுத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன நொய்க்கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். பசியோடு வாங்கிக்கொண்டார். கடைவாயில் கொஞ்சம் வழிந்தது, துடைத்துவிட்டேன். நாலைந்து வாய்க்கு ஒருமுறை அவர் குரல் மாறியது. தொண்டைக்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் களகளவென்று கேட்டது. சளி என்று நினைத்தேன்.

ஒருமுறைகூட அவர் இருமவில்லை.

சின்ன வயதில் எனக்குப் புரை ஏறினால் அப்பா உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கறாங்க சாமி" என்பார். புரை ஏறினால் இருமல் வரும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இருமவில்லை என்பதால் எல்லாம் ஒழுங்காக இறங்குகிறது என்று நம்பி, இரண்டு நாள் வேளை தவறாமல் ஊட்டினேன்.

நாலாம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துக் கிடந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டூட்டி டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"யார் ஊட்டினது?"

"நான்தான் சார்."

"இவருக்கு வாய் வழியா எதுவும் குடுத்திருக்கக் கூடாதே. எல்லாம் நுரையீரலுக்குள்ள போயிருக்கு."

கொடுக்கக் கூடாது என்று அந்த நிமிடம் வரை என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. கட்டிலில் அட்டை எதுவும் தொங்கவில்லை. கேஸ் ஷீட்டிலும் ஒரு வரி இல்லை. நகல் வாங்கி, தேதி தேதியாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். பிறகு மூக்குக் குழாய் வந்தது, ஆக்ஸிஜன் வந்தது, ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். 11ஆம் நாள் அப்பா போய்விட்டார். இறப்புச் சுருக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் இதுதான்: "அட்டெண்டர் வாய்வழி உணவு கொடுத்ததைத் தொடர்ந்து ஏற்பட்ட ஆஸ்பிரேஷன் நிமோனியா."

அந்த அட்டெண்டர் நான், ஐயா. உங்கள் முத்திரைக்கு மேலே, அப்பாவைக் கொன்றது மகளின் கை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஏழு மாதமாகிறது. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள் நான்; படித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தொண்டையில் மூச்சுக்கும் சோற்றுக்கும் ஒரே பாதை. விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலேறுகிறது, அதன் மூடி கவிழ்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது. வயது ஏற ஏற இந்த வேலை தாமதமாகிறது. பக்கவாதம் அதைக் குலைத்துவிடுகிறது. பக்கவாதம் வந்தவர்களை மருத்துவர் முறையாகச் சோதித்துப் பார்த்தால், ஆரம்ப நாட்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் கோளாறு தெரிகிறது. அவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3 மடங்கு. உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது உறுதியானவர்களுக்கு 11 மடங்கு. அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2005இல் வெளியிட்ட கணக்கு இது. தொண்டையின் உணர்ச்சி மரத்துப்போனால் புரை ஏறினாலும் இருமலே வராது என்பதும், களகளத்த ஈரக் குரல் ஓர் எச்சரிக்கை என்பதும் அப்பாவின் கருமாதிக்குப் பிறகு நான் கற்ற பாடங்கள். உங்கள் வார்டில் அந்தக் குரலை இரண்டு நாள் பலர் கேட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டும் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, 90 மில்லி தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, இருமுகிறாரா, குரல் நனைகிறதா என்று கவனிக்கும் சோதனை 1992இலேயே வெளியானது. அதில் தவறினாலோ, தேறியும் சந்தேகம் தீராவிட்டாலோ, அதற்கு மேல் பேரியம் எக்ஸ்ரே உண்டு, மூக்கு வழியே கேமரா விட்டுப் பார்ப்பது உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் லான்செட் இதழில் வந்தது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் முதல் நாட்களிலேயே செவிலியர்கள் முறையாகக் கவனித்தார்கள். புது மருந்து ஏதுமில்லை. 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறரை நம்பியே வாழ வேண்டியவர்களும், வழக்கமான கவனிப்பில் 100க்கு 58 பேர். இந்தக் கவனிப்பில் 42 பேர்.

இன்னொன்றும் படித்தேன். வயதானவர்களுக்கு இந்த வகை நிமோனியா வருவதை எது முன்கூட்டிக் காட்டுகிறது என்று சூசன் லாங்மோர் குழுவினர் 1998இல் ஆராய்ந்தார்கள். விழுங்கும் கோளாறு மட்டுமே போதாது என்று கண்டார்கள். பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலை, பிறர் வாய் கழுவிவிட வேண்டிய நிலை, சொத்தைப் பற்கள் ஆகியவை முன்னால் நின்றன. அவற்றிலும் முதலில் நின்றது பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலை. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஊட்டுவது அவ்வளவு ஆபத்தான வேலை என்றால், எப்படி உட்காரவைப்பது, எவ்வளவு கரண்டி, எப்போது நிறுத்துவது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அதை எங்கள் கையில் கொடுத்தது யார்?

அப்பாவின் வாயை அந்த ஐந்து நாளில் யாரும் சுத்தம் செய்யவில்லை. நானும் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று தெரியாது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில், சாப்பாட்டுக்குப் பின் பல் துலக்கிவிட்டவர்களையும் அப்படிச் செய்யாதவர்களையும் இரண்டு வருடம் ஒப்பிட்டுப் பார்த்து 1999இல் எழுதினார்கள். துலக்காதவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. துலக்கியவர்களில் 11 சதவீதம். ஒரு பிரஷ், ஒரு கிண்ணம் தண்ணீர். அவ்வளவுதான் செலவு.

சிகிச்சையில் கருத்து வேறுபாடு உண்டு என்று எனக்குத் தெரியும். தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வதா, தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பதா என்று நடுக்குவாதமோ மறதி நோயோ உள்ள 515 பேரிடம் பார்த்த ஆய்வில், மூன்று மாதத்தில் வந்த நிமோனியாவில் பெரிய வித்தியாசமில்லை. அறிஞர்கள் அதைப் பற்றி விவாதிக்கட்டும். அப்பாவின் விஷயத்தில் விவாதிக்க ஒன்றுமில்லை. அவரை ஒருவரும் விழுங்கச் சொல்லிப் பார்க்கவே இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேட்டேன். வார்டில் விழுங்கும் சோதனைப் பதிவேடு உண்டா? "பராமரிக்கப்படவில்லை." அதற்குப் பயிற்சி பெற்றவர் உண்டா? காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒருவர் இருக்கிறார்; காது கேட்கும் சோதனை அவர் பணி; வார்டுகளுக்கு வருவதில்லை. என் தந்தையைச் சோதித்தது யார்? "தகவல் இல்லை." இந்த மூன்று பதிலும் உங்கள் மருத்துவமனை முத்திரையோடுதான் வந்தன. அப்படியிருக்க, "உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தில் எந்த மனசாட்சியோடு கையெழுத்துப் போட்டீர்கள்?

உங்களுக்கும் அப்பா, அம்மா இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் ஊட்டியும் இருப்பீர்கள். அந்தக் கரண்டியை நினைத்தாலே கை நடுங்கும்படி செய்துவிட்டு ஒருவர் உங்களுக்கு ஒரு வரிக் கடிதம் அனுப்பினால் வாங்கி வைத்துக்கொள்வீர்களா?

போன மாதம் கேஸ் ஷீட் நகல் வாங்க வந்தபோது அந்த வார்டுக்குள் போனேன். 14ஆம் கட்டிலில் ஒரு பாட்டி. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. பேத்தி டம்ளரில் பாலோடு நின்றிருந்தாள். கட்டிலின் கைப்பிடி இன்னும் உடைந்தபடியே இருக்கிறது. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினேன். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள், வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நஷ்டஈடு கேட்கவில்லை. அந்தச் சிஸ்டர் மேல் நடவடிக்கை எடுத்து இதை முடித்துவிடாதீர்கள். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அப்பாவின் இறப்புச் சுருக்கத்தில் இருக்கும் அந்த வரியை எடுங்கள். அந்த இடத்தில், நோயாளி விழுங்குகிறாரா என்று மருத்துவமனை சோதிக்கவில்லை என்று எழுதுங்கள். அது உண்மை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்ப வேண்டாம். ஒருநாள் அந்த வார்டுக்குப் போங்கள். மாலை ஆறரைக்குப் போங்கள். பாலும் ரொட்டியும் கொண்டுவரும் வண்டி அப்போதுதான் வரும்.

இப்படிக்கு,
14ஆம் கட்டில் நோயாளியின் மகள்