நினைவில் வாழ்வார் யார்?

“அவர் இறக்கவில்லை, எம் நெஞ்சங்களில் என்றும் வாழ்கின்றார்” என்னும் வாக்கியம் இல்லாத நினைவு மலர் ஒன்றை நான் இதுகாறும் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாட் கிரியைகள் முடிந்ததும் வந்தோர் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படும். அட்டையில் அமரரின் படம். உள்ளே விநாயகர் துதி, தேவாரம், திருவாசகம். பின்னர் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, மக்களின் புலம்பல், நன்றி நவிலல். இதனைக் கல்வெட்டு என்றே நம்மவர் வழங்குவர். கடதாசியில் அச்சேறிய ஒன்றுக்குக் கல்வெட்டு என்ற பெயர் எவ்வாறு பொருந்தும் என்று மாணவர் ஒருவர் வினவினால் ஆசிரியர்கள் சற்றுத் தயங்கக்கூடும். கல் போயிற்று, பெயர் நின்றது என்று சொல்லிவிடலாம்.

மேற்காட்டிய வாக்கியம் துயருற்றோர் உள்ளத்திலிருந்து வருவது. அதனை எள்ளுதல் என் நோக்கமன்று. எனினும் இலக்கியம் பயில்வோர் சொல்லின் பொருளை நிறுத்துப் பார்க்கப் பழகியவர்கள். வாழ்தல் என்பது யாது? பசித்தல், சினத்தல், நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்லுதல், தம்மைப்பற்றிப் பிறர் கூறுவதை ‘அப்படியன்று’ என மறுத்தல், இவையெல்லாம் சேர்ந்ததே வாழ்வு. நம் நினைவில் இருப்பவருக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. கேம்பிறிட்ஜ் உளவியலறிஞர் பாட்லெற் 1932இல் வெளியிட்ட நூலிலே, கேட்ட கதையொன்றைச் சில காலங் கழித்து மீளச் சொல்லும் மனிதர் தமக்குப் பழக்கமான வழியில் அதனை மாற்றிக்கொள்வதைச் சோதனைகளாற் காட்டினார். கதைக்கு நேர்வது மனிதருக்கும் நேர்கின்றது. பிரம்பெடுத்த தந்தையார் பத்து ஆண்டுகளிற் சாந்தமூர்த்தி ஆகிவிடுகின்றார். கடனைத் திருப்பிக் கொடாத மாமனார் வள்ளலாகிவிடுகின்றார். நம் நெஞ்சில் ‘வாழ்பவர்’ இறந்தவர்தாமா, அன்றி அவர் பெயரில் நாம் ஆக்கிக்கொண்ட வேறொருவரா?

ஆதலின், நினைவை வாழ்வென்று கொள்ள என்னால் இயலவில்லை. நினைத்தல் என்பது உயிரோடிருப்பவர் செய்யும் ஒரு வேலை. அவர் சோர்ந்தால் அது நின்றுபோகும். நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் போலும். ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியிலும் மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்திலும் நீராடித் தந்தையர்க்குக் கடன் செய்வோர், பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பது தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூவர்க்கே. புதிதாக இறந்தவரைப் பிதிரர் வரிசையிற் சேர்க்குங்கால் பழையவர் ஒருவர் பெயர் கழன்றுவிடுகின்றது. கிரியையை வகுத்தவர்கள் மனித நினைவின் நீளத்தைச் சரியாகவே அளந்திருக்கிறார்கள். பூட்டனுக்கு அப்பாற்பட்டவரின் பெயரைக் கிரியையும் கேட்பதில்லை, நாமும் அறிவதில்லை.

மூன்று தலைமுறையைத் தாண்டி ஒருவர் பெயர் நிற்கவேண்டுமாயின் கல்லோ ஏடோ வேண்டும். அதனிலும் மேலாக, பாடுபடும் ஓர் ஆள் வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்குரிய செயல்களைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாக வகுக்கின்றது. கல்லைத் தேடிக் காணுதல் முதல் அதனை வாழ்த்துதல் வரை ஆறும் உயிரோடிருப்போர் செய்யும் வேலைகள் என்பதைக் கவனிக்க. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் சில கிடைத்தன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளிலே பட்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. ஆநிரை கவர்ந்தானோ மீட்டானோ, அதுகூடத் தெளிவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக மண்ணிற் கிடந்து அவனுக்கு எஞ்சியது ஒரு பெயரும், ஓர் ஊரும், ஒரு பூசலும். அவன் நடை எத்தகையது, எதற்குச் சிரிப்பான், அவன் தாய் அவனை என்னவென்று அழைத்தாள்? அதனைக் கல் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான வகையில் எஞ்சியோரும் நம் இலக்கியத்தில் உளர். குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. தொகுத்தவர்கள் அவர் கையாண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்றனர். ஏவுவாரும் விலக்குவாரும் இன்றிக் குப்பையிலே போர் புரியும் கோழிகளைக் கண்டு உவமை சொன்னவர் குப்பைக்கோழியார் ஆனார். நற்றிணையின் 284ஆம் பாட்டுக்குரியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். இவர்களுக்குப் பிறந்த ஊர் தெரியாது, குலம் தெரியாது, வம்சாவளி தெரியாது. ஆனால் ஒருநாள் ஒரு பழங்கயிற்றை எப்படிப் பார்த்தார் என்பது தெரியும். நம் நாட்டவராகிய ஈழத்துப் பூதன்தேவனாருக்குப் பெயரும் உண்டு, சங்கத் தொகைகளில் ஏழு பாடல்களும் உண்டு. ஈழம் என்ற அடைமொழிக்காகவே அவரை மேடைகளிற் போற்றுகின்றோம். எனக்கோ, அகநானூற்றின் 88ஆம் பாட்டிலே தினை மேய வரும் பன்றி பல்லியின் ஒலியைக் கேட்டு நிமித்தம் பார்க்கும் இடத்திலேதான் அவர் அணுக்கமாகின்றார். அது அவர் காதும் கண்ணும் பட்ட இடம்.

இவையும் தாமாக நம்மிடம் வந்தவையல்ல. சிறுப்பிட்டி தந்த தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஒடியும் ஏடுகளோடு போராடி 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். நற்றிணைக்கு உரை கண்ட பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் அந்நூல் வெளிவந்த 1915ஆம் ஆண்டைக் காணவில்லை, 1914இலேயே மறைந்தார். பழங்கயிற்றினாரை நாம் நினைப்பது இத்தகையோர் உழைப்பினால். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று சொல்லுகின்றோம். அவற்றோடு எத்தனை பேரின் கடைசிச் சுவடு அழிந்தது என்பதைக் கணக்கிட எவராலும் முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் பழைய கல்வெட்டுக்களையும் நினைவு மலர்களையும் தேடிச் சேர்க்கின்றார்கள். தம் குடும்பத்தாரல்லாத ஒருவரின் மலரைப் பக்கம் பக்கமாகப் படியெடுக்கும் அந்த இளைஞர்களை நான் நன்றியோடு எண்ணுகின்றேன்.

ஆனால் அம்மலர்களைப் புரட்டும்போது ஒரு கவலை உண்டாகின்றது. எல்லாரும் பரோபகாரிகள், எல்லாரும் விருந்தோம்பலிற் சிறந்தவர்கள், எல்லாரும் புன்முறுவல் மாறாதவர்கள். பெயரை மாற்றிவிட்டால் ஒருவர் வரலாறு மற்றவர்க்கும் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்த ஒரு மலரில் மட்டும் பேர்த்தி ஒருத்தி எழுதிய அரைப்பக்கம் இருந்தது. தேய்ந்த துலாக் கயிற்றைப் பாட்டனார் எறியமாட்டார். நல்ல பகுதியை அறுத்தெடுத்து முறுக்கிக் கன்று கட்ட வைத்துக்கொள்வார். முறுக்கும்போது நாவைக் கடித்துக்கொண்டிருப்பார் என்று அவள் எழுதியிருந்தாள். அம்முதியவரை நான் கண்டதில்லை. அம்மலரில் இருந்த பதினான்கு இரங்கற்பாக்களில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை; கடித்த நாவு நினைவிலிருக்கின்றது. அதுவும் அவருடைய வாழ்வன்று. அவரிடமிருந்து விழுந்த ஒரு துணுக்கு. ஆனால் அவருடையதேயான துணுக்கு, வேறெவர்க்கும் பொருந்தாதது.

கல்வெட்டிலே திதி வெண்பா என ஒன்று உண்டு. இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி யாவும் நான்கடியில் அமைய வேண்டும். ஆண்டுத் திவசத்துக்கு நாட்கணக்குத் தவறாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. கவிநயம் குறைவாயினும் பயன் மிகுந்த பாட்டு. நம் நாட்டிலே அந்த வெண்பாவை எழுத முடியாத வீடுகள் பல உள்ளன. போர்க்காலத்திற் காணாமற் போனவர்கள், 2009இல் இறுதியாகக் காணப்பட்டவர்கள், 2004 மார்கழிக் கடல் கொண்டுபோய் உடலும் கிடையாதவர்கள், இவர்களுள் பலர்க்குத் திதி இல்லை. சில தாய்மார் கிரியை செய்ய உடன்படுவதில்லை. செய்தால் மகன் இறந்தான் என்று தாமே ஒப்பமிட்டதாகும் என்று அஞ்சுகின்றார்கள். ‘நெஞ்சில் வாழ்கின்றான்’ என்று அத்தாயிடம் சென்று சொல்ல எனக்கு நாவெழாது. அவள் கேட்பது நெஞ்சில் வாழ்பவனையன்று. அவளுக்கு நாம் கூறக்கூடிய ஆறுதல் யாதென்றும் நான் அறியேன். ஆயினும் அவன் எந்தப் பாடத்தில் வல்லவன், எந்தக் கறியை ஒதுக்குவான், சைக்கிளை எந்தப் பக்கம் சாய்த்து நிறுத்துவான் என்று அவள் சொல்லச் சொல்ல ஒருவர் அருகிருந்து எழுதிக்கொள்ளலாம். அதற்குத் திதி வேண்டியதில்லை. அவன் இருக்கின்றானா இல்லையா என்ற தீர்ப்பும் வேண்டியதில்லை.

இதனை ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்பு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோளாகவே விடுக்கின்றேன். வருந் தவணை விடுமுறையில், உங்கள் வீட்டிலோ அயலிலோ மறைந்த ஒருவரைப்பற்றி, அவரை நேரிற் கண்டோரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். அவர் செய்த தொழிலின் கருவிகளை அவர் வழங்கிய பெயராலேயே குறியுங்கள். கேட்டவர் இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அமரர், பெருந்தகை முதலிய அடைமொழிகளை நீக்கிவிடுங்கள். உறவினரின் சம்மதம் பெற்று அனுப்பினால், தக்கவற்றுக்கு இப்பகுதியில் வாரம் ஒன்றாக இடமளிப்போம். கடதாசியின் ஒரு பக்கத்தில் மட்டும், தெளிவான கையெழுத்தில் எழுதுக. பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்க.