ஜீப்புக்குப் பல் மாற்றலாமா?

பல் மாற்றுவது என்றதும் உங்களுக்கு வீட்டுப் பாட்டியின் ஞாபகம் வரும். இந்த வாரம் நான் சொல்ல வந்தது ஜீப்பின் பல்லைப் பற்றி. "ஜீப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! வண்டியை ஓட்டுகிறவர் அவராக இருக்கலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறவர் நீங்கள்தானே?

என் தங்கை தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மேற்கே தலை நிமிர்ந்தால் மலை. மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். சாக்கலூத்து மெட்டு வழியாக நேர்ச் சாலை வேண்டும் என்பது அந்த ஊராரின் நெடுநாளைய கோரிக்கை. வண்டியில் போகிறவர்கள் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றிக்கொண்டு போகிறார்கள். விடியற்காலையில் தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து காய் பறிக்கப் போவது அந்தப் பக்கத்தில் அன்றாடக் காட்சி.

தங்கை வீட்டிலும் அவளுடைய மாமனார் காலத்து ஜீப் ஒன்று உண்டு. காய் பறிக்கும் பருவத்தில் அது தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அவள் வீட்டுக்காரருக்கு மதுரையில் உத்தியோகம். வாரக் கடைசியில் அந்த ஜீப்பிலேயே வந்து போகலாம் என்று அவருக்கு ஆசை. ஆனால் தேனி தாண்டி நல்ல ரஸ்தாவில் ஏறியதும் எல்லாக் காரும் முந்திக்கொண்டு போகிறது. ஜீப் மட்டும் காது கிழியக் கத்துகிறது. ஒர்க்‌ஷாப்பில் யோசனை சொன்னார்கள்: "கிரௌன் பினியனை மாற்றிவிடுங்கள்."

அது என்ன கிரௌன் பினியன்? உங்கள் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். காலடியில் பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம். பெரியது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சின்னது பல சுற்று சுற்றிவிடும், ஊசி பறக்கும். ஜீப்பின் அச்சில் இது தலைகீழ். இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் தண்டின் நுனியில் 8 பல் உள்ள சின்ன பினியன். அது சுற்றுவது 43 பல் உள்ள பெரிய கிரௌனை. சின்னது ஏறக்குறைய 5.38 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். வேகம் குறையும், அதற்குப் பதில் பலம் கூடும்.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் போன வில்லிஸ் ஜீப்பில் கிரௌனுக்கு 39 பல்தான், கணக்கு 4.88. யுத்தம் முடிந்ததும், 1945-ல், அமெரிக்காவின் டொலீடோ நகரத்திலிருந்த அதே கம்பெனி குடியானவர்களுக்கென்று ஒரு ஜீப் செய்தது. ஏர் இழுக்க வேண்டுமே! அதற்காக 43 பல் வைத்தார்கள். 1940-களின் கடைசியில் மஹீந்திரா கம்பெனியார் பம்பாயில் ஜீப் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் தங்கை வீட்டு ஜீப். அது ஓடுவதற்குப் பிறந்ததல்ல, இழுப்பதற்குப் பிறந்தது.

அதற்கு 39 பல்லைப் போட்டால் என்ன லாபம்? ஜீப் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதே சுற்றில் 66 போகலாம். சத்தம் குறையும், இன்ஜினுக்கு ஆயுசு கூடும். மலைப்பக்கமே போகாத ஜீப்புக்கு இது நல்ல யோசனைதான்.

நஷ்டம் என்ன? இழுக்கிற பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும்தான்! போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டைஊசி வளைவுகள். அங்கே இறங்குகிற டிரைவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். அதனால் சின்ன கியரில் போட்டு, இன்ஜினையே கடிவாளமாக வைத்து இறக்குவார். பல் மாற்றினால் அந்தக் கடிவாளமும் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும். வண்டி நிறைய ஆள் இருக்கும்போது இது சின்ன விஷயமா?

தங்கை கூடவே போயிருந்தாள். மெக்கானிக்கிடம் நேராகக் கேட்டாள்: "பல்லை மாத்தினா பிரேக்கும் பெருசாகுமா?"

அவர் சிரித்துவிட்டார். "அது எப்படிம்மா ஆகும்? பிரேக் அதேதான்."

60-லிருந்து 66 என்பது கேட்பதற்குச் சொற்பம். ஆனால் பிரேக் போட்டபின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். வேகம் கூடுவதைக் காட்டிலும் தூரம் விரைவாகக் கூடும் என்பது அதன் சுபாவம்.

பிறகு தங்கை வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டாள். தேனியிலிருந்து மதுரைக்குச் சுமார் 75 கிலோமீட்டர். நிற்காமல் 60-ல் போனால் 75 நிமிஷம். 66-ல் போனால் 68 நிமிஷம். மிச்சம் 7 நிமிஷம்! ஆண்டிபட்டிக் கணவாயில் ஒரு லாரி முன்னால் போனால் அதுவும் இல்லை.

"ஏழு நிமிஷம் முன்னாடி கிளம்பினாப் போச்சு" என்றாள். கிரௌன் பினியனுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேலை நடந்தது. மதுரைக்குப் போக அவருக்குத்தான் பஸ் இருக்கவே இருக்கிறதே!

உங்கள் வீட்டு ஜீப் மலை ஏறாத ஜீப்பா? தாராளமாக மாற்றச் சொல்லுங்கள். ஆனால் மூன்று விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே கணக்கில் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன்னும் பின்னும் சண்டை போட்டுக்கொண்டு ஏதாவது ஒன்று உடையும். இரண்டாவது, ஸ்பீடோமீட்டருக்கும் கியர் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முள் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, பல்லோடு பல் பொருந்துகிற இடைவெளியை அளந்து வைக்கத் தெரிந்த கை வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் வண்டி ஊளையிடும், பல் தேயும்.

வெளிநாடுகளில் இதே ஜீப்புக்கு ஓவர்டிரைவ் என்று ஒரு உபகியர் செய்தார்கள். ரஸ்தாவில் போட்டுக்கொள்ளலாம், மலையில் எடுத்துவிடலாம். இழுக்கிற பலம் அப்படியே இருக்கும். நல்ல நிலையில் கைக்குக் கிடைத்தால் அதுவே உத்தமம்.

எதுவானாலும், ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது கூடவே போங்கள். "எவ்வளவு வேகம் போகும்?" என்பதை அவர் கேட்டுக்கொள்வார். "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்பதை நீங்கள் கேளுங்கள்.